வேன் ஜன்னல் ஓரத்துக்கு ரப்பர் பீடிங் போடுவது: முழுமையான வழிகாட்டி

வேனின் பக்கத் தகட்டை வெட்டி ஜன்னல் திறந்தால் சுற்றிலும் ஒரு கூரான ஓரம் மிஞ்சும். கை பட்டால் கிழிக்கும், திரைச்சீலை பட்டால் நூலை இழுக்கும். வெட்டிய இடத்தில் பெயின்ட்டும் அதன் அடியில் இருந்த துத்தநாகப் பூச்சும் போய்விட்டதால், ஈரம் பட்ட உடனே துரு பிடிக்கத் தொடங்கும். அந்த ஓரத்தின் மேல் ‘ப’ வடிவத்தில் கவ்வி உட்காரும் ரப்பர் பட்டைதான் பீடிங்.

பீடிங்கை அமுக்கிப் போடுவதுதான் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அது வேலையின் சின்னப் பகுதி. பெரும்பகுதி அதற்கு முன்னால், தகட்டின் ஓரத்தைச் சரிசெய்வதில் இருக்கிறது. ரப்பர் துருவை மறைக்கும், ஆனால் நிறுத்தாது. பீடிங்கின் பள்ளத்துக்குள் ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால் காற்று படாமல் பல நாள் அங்கேயே நிற்கும். மூடாமல் விட்ட ஓரத்தை விட, அரைகுறையாகச் சுத்தம் செய்து மூடிய ஓரம் சீக்கிரம் அரித்துப்போவதற்கு இதுதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் ஓரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

எந்த பீடிங் வாங்குவது

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு ரப்பர்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நல்ல பீடிங்கின் நடுவே எஃகுக் கிளிப்புகள் வரிசையாகவோ, பின்னிய கம்பியாகவோ ஓடும். தகட்டைக் கவ்விப் பிடிப்பது அந்த எஃகுதான். உள்பக்கம் ‘ப’வின் இரண்டு கால்களிலும் சாய்வான சின்ன நாக்குகள் இருக்கும். செருகும்போது மடங்கி வழிவிடும், திரும்ப இழுத்தால் தகட்டில் ஊன்றிக்கொள்ளும். எஃகு இல்லாத வெறும் ரப்பர் பட்டை மலிவாகக் கிடைக்கும், எந்த மூலையிலும் சுலபமாக வளையும். ஆனால் வேன் குலுங்கக் குலுங்க அது கழன்றுவிடும், அல்லது பசை போட்டு ஒட்டவேண்டி வரும். ஜன்னல் ஓரத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருளைப் பொறுத்தவரை இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. இபிடிஎம் ரப்பர் வெயில், ஓசோன், மழை மூன்றையும் நன்றாகத் தாங்கும், குளிரிலும் விறைக்காது. எண்ணெய், கிரீஸ், பெட்ரோல்தான் அதற்கு ஆகாது, பட்டால் ஊதிப்போகும். பிவிசி விலை குறைவு, பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் குளிரில் கெட்டியாகும், வெயிலில் பல வருடம் இருந்தால் மென்மை தரும் சேர்க்கை வெளியேறி வெடிக்கும். வெளியில் வெயில் நேரடியாகப் படும் இடத்துக்கு இபிடிஎம் போடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே, லைனிங்கை ஒட்டி வரும் ஓரத்துக்கு நல்ல பிவிசியே போதும்.

தடிமனை அளந்த பிறகே அளவு

ஒவ்வொரு பீடிங்குக்கும் எத்தனை மி.மீ. தடிமன் வரை கவ்வும் என்று ஒரு எல்லை உண்டு. 1 முதல் 2, 1 முதல் 3.5, 4 முதல் 6 என்று பல அளவுகள் வரும். தகட்டை விடப் பெரிய அளவு வாங்கினால் பீடிங் ஆடும். சிறிய அளவு வாங்கினால் உள்ளே போகவே போகாது, வலுக்கட்டாயமாக அடித்தால் நாக்குகள் கிழியும்.

வேனின் வெளித்தகடு பொதுவாக 1 மி.மீ.க்குள் இருக்கும். ஆனால் ஜன்னல் ஓரம் முழுக்க ஒரே தகடு என்று நினைத்துவிடாதீர்கள். சில இடத்தில் உள்சட்டமும் வெளித்தகடும் சேர்ந்து வரும், சில இடத்தில் வெல்டிங் புள்ளி இருக்கும், சில இடத்தில் இரண்டுக்கும் நடுவே பழைய சீலன்ட் புடைத்து நிற்கும். உள்ளே பிளைவுட்டோ கார்பெட்டோ ஒட்டி, அதையும் சேர்த்துக் கவ்வவைக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கே மாறிவிடும். 0.8 மி.மீ. தகடு இரண்டு, அதன் மேல் 3 மி.மீ. பிளைவுட் என்றால் மொத்தம் 4.6 மி.மீ. இதில் பசையின் தடிமனும் சேரும்.

வெர்னியரால் சுற்றிலும் ஒரு பத்து இடத்திலாவது அளந்து, அந்த இடத்திலேயே மேஸ்கிங் டேப் ஒட்டி எண்ணை எழுதிவையுங்கள். மிகத் தடிமனான இடமும் மிக மெலிந்த இடமும் ஒரே பீடிங்கின் எல்லைக்குள் வரவேண்டும். வரவில்லை என்றால் தடிமனான இடத்துக்கு ஏற்ற அளவை வாங்கி, மெலிந்த இடத்தில் கிளிப்பை இறுக்கிக்கொள்ளலாம். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உள்சட்டத்துக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், இரண்டையும் நெருக்கிச் சேர்த்து ஒரே பீடிங்கால் கவ்வவைக்க முயலவேண்டாம். வெளித்தகடு உள்ளே இழுபட்டு வெளியில் பள்ளம் தெரியும். அங்கே உள்சட்டத்துக்கு மட்டும் பீடிங் போட்டு, வெளித்தகட்டு ஓரத்தை பெயின்ட்டால் பாதுகாப்பதுதான் முறை.

நீளக் கணக்கு

மூலைகள் வளைந்த செவ்வக ஜன்னலுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். மூலை வளைவின் ஆரத்தை 1.72 ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். 1000 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம், 80 மி.மீ. ஆரம் என்றால் 3000இல் 138 போக 2862 மி.மீ. இதற்கு மேல் ஜன்னலுக்கு ஒரு 200 மி.மீ. கூடுதலாக வாங்குங்கள். மூலையை ஒத்திகை பார்க்க ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். ஜன்னல் ஒழுங்கற்ற வடிவமாக இருந்தால் ஓரத்தைச் சுற்றி மேஸ்கிங் டேப் ஒட்டி, உரித்துத் தரையில் நீட்டி அளப்பதே நம்பகமானது.

சுருளாக வந்த பீடிங்கை முந்தின நாளே பிரித்துத் தரையில் நேராக நீட்டிப் போட்டுவிடுங்கள். சுருளின் வளைவு ரப்பரில் தங்கியிருந்தால் நேர் ஓரத்தில் அது முறுக்கிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும்.

ஓரத்தைத் தயார் செய்வது

பாதுகாப்புக் கண் கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

முதலில் பிசிறு. ஜிக்சாவால் வெட்டிய ஓரத்தின் உள்பக்கத்தில் முள் முள்ளாகப் பிசிறு நிற்கும். மெல்லிய பல் கொண்ட தட்டை அரத்தை ஓரத்துக்கு நீளவாக்கில் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் ராவுங்கள். குறுக்கே ராவினால் அரம் மாட்டி மாட்டித் தகடு அதிரும். வளைந்த மூலைக்கு அரைவட்ட அரம் வேண்டும். பிறகு 120 உப்புத்தாளை மடித்து ஓரத்தின் இரு விளிம்பையும் லேசாக உருட்டிவிடுங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் நிற்காது, மெலிந்து விலகிவிடும். பெயின்ட் மெலிந்த இடத்தில்தான் துரு முதலில் எட்டிப்பார்க்கும். ஒரு பழைய பனியன் துணியை ஓரம் முழுக்க இழுத்துப் பாருங்கள். எங்கேயும் நூல் மாட்டவில்லை என்றால் ஓரம் சரி.

அப்புறம் இரும்புத் தூள். வெட்டும்போதும் ராவும்போதும் விழும் தூள் சட்டத்தின் இடுக்கு, கதவின் அடிப்பள்ளம், தரை மூலை என்று எல்லா இடத்திலும் போய் உட்காரும். ஈரம் பட்டதும் ஒவ்வொரு துகளும் ஒரு காவிப் புள்ளியாகி, நல்ல பெயின்ட்டிலும் கறை ஏற்றும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, மேஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி, கடைசியாக ஈரத் துணியால் துடையுங்கள். ஊதித் தள்ளவே கூடாது, தூள் இன்னும் ஆழமான இடுக்குக்குள் போகும். வெட்டுவதற்கு முன்னாலேயே உள்ளே பழைய துணியும் டேப்பும் வைத்து இடுக்குகளை அடைத்திருந்தால் இந்தப் பாடு பாதியாகக் குறையும்.

பழைய ஜன்னலில் பீடிங்கை மாற்றுபவர்கள் பழையதைக் கழற்றியதும் உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் 80 உப்புத்தாளில் தேய்த்துப் பளபளக்கும் இரும்பு வரும் வரை போங்கள். குழி விழுந்திருந்தால் துருவைக் கரைக்கும் பாஸ்பாரிக் அமிலக் கலவையைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, கழுவிக் காயவையுங்கள். தகடு சல்லடையாகி இருந்தால் பீடிங் பற்றி யோசிக்க வேண்டாம், முதலில் வெல்டிங் வேலை.

அடுத்து பிரைமர். ஓரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, துத்தநாகம் கலந்த பிரைமரை சின்ன பிரஷ்ஷால் தடவுங்கள். ஸ்பிரேயை விட பிரஷ் நல்லது. தகட்டின் வெட்டுமுகத்தில், அந்த 1 மி.மீ. அகலத்தில், பெயின்ட் தடிமனாகப் படிவதுதான் நமக்கு வேண்டும். ஸ்பிரேயில் பாதி காற்றில் போய்விடும். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொன்று, அதன் மேல் வண்டி நிறத்தில் ஒரு பூச்சு. விரல் நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் காயவேண்டும். ஓர் இரவு முழுக்க விடுவதே உத்தமம். காயாத பெயின்ட்டின் மேல் பீடிங்கைச் செருகினால் நாக்குகள் பெயின்ட்டை வழித்துக்கொண்டே போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்ணாடியை பாலியூரிதேன் பசையால் வெளியில் ஒட்டப் போகிறீர்கள் என்றால், இந்த பிரைமரையும் பெயின்ட்டையும் ஓரத்திலிருந்து சில மி.மீ. தூரத்துக்குள் நிறுத்துங்கள். கண்ணாடிப் பசை கம்பெனி பெயின்ட்டின் மேல்தான் உட்காரவேண்டும். நாம் கையால் பூசிய பெயின்ட் உரிந்தால் அதோடு கண்ணாடியும் பெயர்ந்து வரும். ஓரத்துக்கு இணையாக டேப் ஒட்டி எல்லை போட்டுக்கொண்டால் கை தவறாது.

போடுவது

தட்பவெப்பம் மிதமாக இருக்கும் நேரம் பாருங்கள். குளிரில் விறைத்த பீடிங்கை ஒரு வாளி வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் இளகும். கொதிக்கும் நீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும்.

வழுக்க வைக்க, தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. அவ்வளவுதான். எண்ணெயோ வாசலினோ இபிடிஎம்மைக் கெடுக்கும். சிலிக்கான் ஸ்பிரே ரப்பருக்கு நல்லதுதான், ஆனால் கண்ணாடி ஒட்டவேண்டிய இடத்தில் அதன் படலம் படிந்தால் பசை பிடிக்காது. ஆல்கஹாலில் துடைத்தாலும் முழுதாகப் போகாது. கண்ணாடி ஒட்டி முடியும் வரை சிலிக்கான் டப்பாவை வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நேர் ஓரத்தில், எங்கே இணைப்பு, அதாவது பீடிங்கின் இரு முனையும் சேரும் இடம், வரவேண்டும் என்று தீர்மானித்தீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். மூலையில் ஒருபோதும் தொடங்க வேண்டாம். பீடிங்கின் முதுகில், அதாவது மூடிய பக்கத்தில், கட்டைவிரலை வைத்து, மற்ற விரல்களால் தகட்டின் பின்னால் அணைகொடுத்து அழுத்துங்கள். நாக்குகள் ஒவ்வொன்றாக ஓரத்தைத் தாண்டி இறங்குவது விரலுக்குத் தெரியும். முதலில் மெத்தென்று எதிர்க்கும், பிறகு ஒரு சின்ன ‘டொக்’, முதுகின் உள்பக்கம் தகட்டில் முட்டிவிடும். அந்த முட்டல் வரும் வரை அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். கைக்கு மசியவில்லை என்றால் ரப்பர் சுத்தியால் தட்டலாம், பின்பக்கம் ஒருவர் மரக்கட்டையால் அணைகொடுக்கவேண்டும். இரும்புச் சுத்தி வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் கிளிப் மடங்கினால் அந்த இடம் பிறகு கவ்வாது.

இந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைச் சொல்வேன்: பீடிங்கை இழுக்காதீர்கள், தள்ளுங்கள். இழுத்துப் போட்டால் நேராக, அழகாகத்தான் உட்காரும். ஆனால் நீட்டிய ரப்பர் வெயிலிலும் குளிரிலும் மெல்ல மெல்லத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். சில வாரத்தில் இணைப்பில் இடைவெளி விழும், மூலைகளில் தகட்டை விட்டு எழும்பும். அதனால் ஒரு சாண் போட்டதும் நின்று, போட்ட பகுதியைத் தொடங்கிய பக்கமாகவே உள்ளங்கையால் லேசாகத் தள்ளி நெருக்கிவிட்டு அடுத்த சாணுக்குப் போங்கள்.

ஏதாவது ஓரிடம் ஆடுகிறதென்றால், அங்கே தகடு மெலிந்திருக்கும். ஒரு சாண் அளவு கழற்றி, குறட்டின் வாயில் துணி சுற்றி, பீடிங்கின் இரு கால்களையும் மெதுவாக நெருக்கி மறுபடி செருகுங்கள். எஃகுக் கிளிப் நெருக்கிய இடத்திலேயே நிற்கும்.

மூலைகள்

பெரும்பாலான தகராறு இங்கேதான். பீடிங்கின் முதுகு ஜன்னல் ஓட்டையின் நடுப்பக்கம் பார்க்கும், கால்கள் வெளிப்பக்கம் நீளும். மூலையில் வளைக்கும்போது முதுகு சிறிய வட்டத்தில் சுருங்கவேண்டும், கால்களின் நுனி பெரிய வட்டத்தில் விரியவேண்டும். ஆக, முதுகில் சுருக்கம் விழும், கால்கள் தகட்டை விட்டு வெளியே தள்ளும். வெளி வளைவான ஓரத்தில், உதாரணமாகக் கதவின் வெளிமூலையில், இதற்கு நேர்மாறு: முதுகு நீளும், கால்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நெளியும்.

இந்த வித்தியாசம் புரிந்தால் எங்கே எப்படி வெட்டுவது என்பதும் புரிந்துவிடும். ஜன்னல் ஓட்டையின் மூலையில் கால்கள் விரிய இடம் வேண்டும், அதனால் கால்களில் நேரான கீறல் போதும். வளைத்ததும் அது தானாக விரியும். முக்கோணமாக வெட்டி எடுத்தால் இடைவெளி தேவையில்லாமல் பெரிதாகும். வெளிமூலையில்தான் முக்கோண வெட்டு, ஏனென்றால் அங்கே அதிகப்படி ரப்பரை அகற்றவேண்டும்.

ஆனால் கீறுவதற்கு முன் ஒத்திகைத் துண்டை வளைத்துப் பாருங்கள். ஆரம் போதுமான அளவு இருந்தால் கீறலே தேவைப்படாது. வெந்நீரில் இளக்கி, மூலையின் நடுவை முதலில் அழுத்தி, பிறகு இரு பக்கமும் சின்னச் சின்னதாக நகர்ந்தால் சுருக்கமில்லாமல் உட்காரும். ஹீட் கன் இருந்தால் குறைந்த சூட்டில், தூரத்தில் பிடித்து ஆட்டிக்கொண்டே காட்டலாம். ரப்பர் மினுமினுக்கத் தொடங்கினால் சூடு அதிகம். முதுகில் இன்னும் சுருக்கம் நின்றால், கிளிப்புகளுக்கு இடையே உள்ள ரப்பரில், உள்ளே தெரியும் கால் பக்கத்தை விட்டுவிட்டுக் கண்ணில் படாத கால் பக்கத்தில் மட்டும், 10 மி.மீ. இடைவெளியில் மூன்று நான்கு கீறல் போடுங்கள். முதுகு வரை கீறல் போகக்கூடாது. போனால் அந்த இடத்தில் பீடிங் ஒடிந்து கோணலாக நிற்கும்.

கீறிய இடங்களுக்குள் கறுப்பு சீலன்ட்டை மெல்லிதாக நிரப்பிவிடுங்கள். எஃகு தெரிகிறதென்றால் அங்கே தண்ணீரும் போகும்.

இணைப்பு

இணைப்பைக் கீழே நடுவில் வையுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள், கண்ணில் படாது என்பதற்காக. படுத்துறங்கும் வேனுக்கு நான் அதை ஏற்கமாட்டேன். இரவில் நம் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து, வழிந்து, கீழ் ஓரத்தில்தான் தேங்கும். சரியாக அங்கே ஒரு இணைப்பு இருந்தால் அது வழியே தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கும். மேல் ஓரத்தின் நேர்ப்பகுதியிலோ, திரைச்சீலை மறைக்கும் பக்க ஓரத்தின் மேல்பாதியிலோ வையுங்கள்.

சுற்றி வந்து சேர்ந்ததும் 5 முதல் 8 மி.மீ. அதிகமாக விட்டு வெட்டுங்கள். வெட்டு நேர்க்கோணமாக இருக்கவேண்டும். கத்தரிக்கோல் எஃகில் நசுக்கும், மெல்லிய பல் ஹேக்ஸா பிளேடு சுத்தமாக வெட்டும். வெட்டிய முனையில் தெரியும் கிளிப்பை ஒரு சொட்டு பிரைமரால் மூடுங்கள். இரண்டு முனையையும் எதிரெதிரே வைத்து, நடுவில் கூடாரமாக எழும்பும் அதிகப்படியை இரு பக்கமும் தள்ளித் தள்ளி அழுத்தினால் முனைகள் இறுக முட்டிக்கொள்ளும். ஒட்டவேண்டுமென்றால் சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் குளூ. இபிடிஎம்மில் சாதாரண ரப்பர் பசைகள் சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டு முகத்தையும் ஆல்கஹாலில் துடைத்து, ஒரு சொட்டு வைத்து, அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தால் போதும்.

பீடிங்கும் கண்ணாடிப் பசையும்

பீடிங் முடிந்ததும் சோப்புத் தண்ணீரைச் சுத்தமான நீரால் துடைத்து, காயவிட்டு, ஒட்டும் பரப்பை ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு கண்ணாடியைப் பசையில்லாமல் வைத்துப் பாருங்கள். பீடிங்கின் வெளிக்கால் கண்ணாடியை முட்டித் தூக்குகிறதா, பசை ஓடவேண்டிய பாதையை மறைக்கிறதா என்று கவனியுங்கள். பல பீடிங்குகளின் கால் 10 மி.மீ.க்கு மேல் நீளம் இருப்பதால் இது அடிக்கடி நேரும். முட்டினால் கால் குட்டையான பீடிங்குக்கு மாறுங்கள், கண்ணாடியை அமுக்கிச் சமாளிக்காதீர்கள். பசைக் கோடு பீடிங்குக்கு வெளியே சில மி.மீ. தள்ளித்தான் ஓடவேண்டும். ரப்பரில் ஒட்டிய பசை கண்ணாடியைத் தாங்காது.

காற்றின் ஈரத்தால் இறுகும் பாலியூரிதேன் பசை மேலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வீதம்தான் இறுகும். பீடிங்கால் மூடிய பக்கத்தில் காற்றோட்டம் குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள். பசை டப்பாவில் போட்ட நேரம் முடியும் வரை வண்டியை எடுக்க வேண்டாம், கதவை அறைந்து சாத்தவும் வேண்டாம்.

திறந்து மூடும் ஜன்னலும் பழைய வேன்களும்

திறந்து மூடும் ஜன்னலுக்கு, கவ்வும் பகுதியோடு உள்ளீடற்ற குழாய் போன்ற பகுதியும் சேர்ந்த பீடிங் வேண்டும். தண்ணீரைத் தடுப்பது அந்தக் குழாய்தான். போட்டபின் ஒரு காகிதத் துண்டை வைத்து ஜன்னலை மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கத்தோடு வரவேண்டும். சும்மா வழுக்கி வந்தால் அங்கே கசியும்.

பழைய வேன்களில் கண்ணாடியையே ரப்பர்தான் பிடித்திருக்கும். இருபுறமும் பள்ளம், ஒன்றில் தகடு, இன்னொன்றில் கண்ணாடி, நடுவே செருகும் பூட்டுப் பட்டை. இது பீடிங் அல்ல, அதை இந்த முறையில் போடமுடியாது. கண்ணாடியில் ரப்பரை மாட்டி, தகட்டுப் பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றி, வெளியே ஒருவர் அமுக்க உள்ளே ஒருவர் கயிற்றை உருவினால் ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உட்காரும். அவசர வழி என்று எழுதிய ஜன்னலாக இருந்தால் பசையோ சீலன்ட்டோ போடாதீர்கள். ஆபத்தில் அது தள்ளியதும் திறந்துகொள்ளவேண்டும்.

போட்டபின்

மறுநாள் ஒருமுறை சுற்றிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். ராத்திரிக் குளிரில் எங்காவது எழும்பியிருந்தால் அப்போதே தெரியும். பிறகு ஹோஸ் பைப்பில் கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை உலர்ந்த டிஷ்யூவோடு உட்கார வையுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும், கசிவு எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க முடியாது.

மழைக்காலம் ஒன்று கழிந்ததும் கீழ் ஓரத்தில், நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு பீடிங்கை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பிரைமர் அதே நிறத்தில், உலர்ந்து இருந்தால் திரும்ப அழுத்திவிடலாம். காவி நிறம் தெரிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றி, தேய்த்து, மறுபடி பிரைமர் அடியுங்கள். கழற்றிய பீடிங்கின் கிளிப்புகள் விரிந்திருக்கும் என்பதால், திருப்பிப் போடும் முன் துணி சுற்றிய குறட்டால் அதன் கால்களை நெருக்கிக்கொள்ளுங்கள்.